நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

எங்கள் தன்னார்வக் குழுவில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை கணக்கெழுதுவது. எந்தக் குழியில் என்ன கன்று, எந்த நாளில் நடப்பட்டது, அடுத்து பார்த்தபோது உயிரோடு இருந்ததா, இல்லையென்றால் எதனால் போயிருக்கும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். கல் உடைப்பதற்காக மேல்மண் முழுவதும் வழித்தெடுக்கப்பட்டு, கல் தீர்ந்ததும் கைவிடப்பட்ட ஒரு மலைச்சரிவில் நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்துவருகிறோம். அந்த ஒன்பது ஆண்டுகளின் நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. மரம் வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அந்த நோட்டுகளில் ‘பட்டுப்போனது’ என்று எழுதிய வரிகளிலிருந்து கற்றுக்கொண்டதுதான். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே வரிகளை மறுபடியும் எழுத வேண்டியிருக்கக்கூடாது என்ற ஆசையில் இதைப் பகிர்கிறேன்.

முதல் ஆண்டு நடவு நாளன்று ஏறத்தாழ 200 பேர் வந்திருந்தார்கள். காலையில் தொடங்கி நண்பகலுக்குள் ஆயிரம் கன்றுகளை நட்டு முடித்தோம். சிறுவர்கள் முதல் முதியவர்கள் வரை ஆளுக்கொரு கன்றைக் கையில் ஏந்தி வரிசையாக நின்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அடுத்த கோடையின் முடிவில் நான் ஒருத்தியாக நோட்டோடு சரிவில் ஏறி எண்ணியபோது, உயிரோடு இருந்தவை 150-ஐக்கூட எட்டவில்லை. மழை பொய்த்துவிட்டது, வெயில் கொளுத்திவிட்டது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். காய்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான காரணங்கள் தெரிந்தன.

முதலில் பிடுங்கிய கன்று சிறிதும் பிடிமானமின்றிக் கையோடு வந்துவிட்டது. நாற்றங்காலில் அது வளர்ந்த கறுப்புப் பையின் வடிவிலேயே மண் உருளையாக இறுகியிருந்தது. வேர்கள் அந்த உருளையின் அடியில் கயிற்றுச் சுருணை போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, குழி மண்ணுக்குள் ஒரு விரல் நீளம்கூட நுழையாமல் காய்ந்திருந்தன. அடுத்த கன்றில் பையே கழற்றப்படவில்லை. மூன்றாவது கன்றின் தண்டு அரையடி ஆழத்துக்கு மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்ததால், புதைந்த பகுதியில் பட்டை அழுகி, நகத்தால் சுரண்டியதும் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. நட்டவர்கள் யாரும் அக்கறையில்லாதவர்கள் அல்லர். எப்படி நடவேண்டும் என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து, எத்தனை பேர் வந்தாலும் முதல் அரை மணி நேரத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்குகிறோம். பையை நீளவாக்கில் கிழித்து முழுவதுமாக எடுத்துவிட வேண்டும், அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கூர்மையான கத்தியால் வெட்டிவிட வேண்டும், உருளையின் பக்கங்களில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கீறல்கள் போட வேண்டும், நாற்றங்காலில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கன்றை நிறுத்தி, சுற்றிலும் காற்றுப்பை இல்லாதபடி மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். இந்த நான்கையும் ஒவ்வொருவரும் ஒரு கன்றில் எங்கள் முன்னால் செய்துகாட்டிய பிறகே சரிவில் ஏறுகிறார்கள்.

கன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் எங்களுக்கு ஒரு மயக்கம் இருந்தது. உயரமான கன்றைக் கண்டால் மனம் நிறைந்துவிடும். ஆனால் ஆள் உயரக் கன்றுக்கு ஒரு சாண் பையில் இருக்கும் வேர் எப்படிப் போதும்? இலைகள் வெளியேற்றும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாமல் முதல் வெயிலிலேயே அது துவண்டுவிடும். இப்போது நாங்கள் முழங்கால் உயரத்தில், தண்டு பருத்து, பை முழுவதும் வேர் பரவியும் சுருளத் தொடங்காமலும் இருக்கும் கன்றுகளையே தேர்கிறோம். நடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அவற்றின் நிழலையும் தண்ணீரையும் படிப்படியாகக் குறைத்து, வெட்டவெளிக்குப் பழக்குகிறோம். நெடுங்காலம் பையிலேயே கிடந்து முற்றிய கன்றுகளை இலவசமாகக் கொடுக்கப் பலர் முன்வருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுவதே நல்லது.

இவையெல்லாம் கன்றின் குறைகள். நிலத்தின் குறையோ இன்னும் ஆழமானது. மேல்மண் போன சரிவில் மழை பெய்தால் அது மண்ணுக்குள் இறங்குவதில்லை. தார்ச்சாலையில் ஓடுவது போல ஓடி, மிச்சமிருக்கும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. முதல் ஆண்டு ஒரு பெருமழை நின்ற மறுநாள் சரிவின் நடுவில் குழி தோண்டிப் பார்த்தோம். மேலே இரண்டு விரல்கிடை ஈரம். அதற்குக் கீழே கோடையில் இருந்த அதே புழுதி. அவ்வளவு மழையும் எங்கே போனது என்று அடிவாரத்தில் செந்நிறமாகக் கலங்கி ஓடிய ஓடையைப் பார்த்ததும் புரிந்தது. அந்த நாளில்தான், இரண்டாம் ஆண்டு ஒரு கன்றுகூட நடுவதில்லை, ஆண்டு முழுவதும் நீரைத் தடுக்கும் வேலை மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவை ஏற்காமல் சிலர் குழுவை விட்டு விலகினார்கள். ஆனாலும் இந்த ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே சரியானது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீரைத் தடுக்கும் அகழிகள் சரிவின் குறுக்கே, ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தாலும் நீர் அங்கே திரண்டு, கரையை உடைத்துப் புதிய ஓடையை உண்டாக்கிவிடும். கண்மதிப்பில் சமமாகத் தெரிவது பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆள் உயரக் கம்புகள் இரண்டை மேலே ஒன்றுசேர்த்து, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் கருவி ஆயிற்று. கட்டட வேலையில் பயன்படும் தூக்குக்குண்டின் தத்துவம்தான். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அதே இரண்டு இடங்களில் கால்களை மட்டும் இடம்மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவிடம்தான் சமமட்டத்தின் அடையாளம். ஒரு காலை ஊன்றி, மறு காலை முன்னும் பின்னும் நகர்த்தி, கயிறு அந்த நடுக்கோட்டில் நிற்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சியை அடித்துக்கொண்டே போனால், மலையே தன் சமமட்டக் கோட்டை நமக்கு வரைந்து காட்டும். நாங்கள் அந்தக் கோட்டில் ஒன்றரை அடி ஆழமும் இரண்டடி அகலமும் கொண்ட அகழிகளைத் துண்டுதுண்டாக வெட்டி, தோண்டிய மண்ணைத் தாழ்ந்த பக்கம் கரையாகக் கட்டினோம். மேல்வரிசை அகழிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியில் கீழ்வரிசை அகழி அமையுமாறு பார்த்துக்கொண்டோம். ஏற்கெனவே நீர் அரித்து உண்டாக்கிய ஓடைகளில், சிதறிக் கிடந்த உடைகற்களையே அடுக்கிச் சிறு தடுப்புகள் கட்டினோம். கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை.

வறண்ட நிலத்தில் குழியே முதல் மருந்து என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் விவசாயி யாகூபா சவடோகோவின் வாழ்க்கை பெரிய சான்று. 1980 வாக்கில், கெட்டிப்பட்டுப் பாழாய்க் கிடந்த தம் நிலத்தில், கோடையிலேயே சிறுசிறு குழிகளைத் தோண்டி, ஒவ்வொன்றிலும் எருவும் தழையும் போட்டுவைத்தார். எருவைத் தேடிவந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்துத் தளர்த்தின. மழை வந்ததும் நீர் அந்தத் துளைகள் வழியே இறங்கியது. ‘சாய்’ என்று அந்தப் பகுதி மக்கள் வழங்கும் பழைய முறையையே அவர் மேம்படுத்தினார். பயிருக்காகத் தோண்டிய குழிகளில் எருவோடு வந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் காத்து ஒரு காட்டையே வளர்த்தார். இதைப் படித்த பிறகு, கரையானைக் கண்டால் மருந்தடிக்க வேண்டும் என்று சொல்வதை எங்கள் குழுவில் நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டில் மறுபடியும் நட்டோம். குழிகளை அகழிக் கரையை ஒட்டி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்குமாறு சதுரமாகத் தோண்டினோம். வட்டக் குழியின் வழவழப்பான சுவரில் மோதும் வேர் மீண்டும் வட்டமடிக்கத் தொடங்கிவிடும்; சதுரக் குழியின் மூலைகளில் அது முட்டி வெளியேற வழி தேடும். கோடையிலேயே தோண்டி வெயிலில் ஆறவிட்டு, கிடைத்த கொஞ்சம் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்து, அதை மக்கிய எருவோடு கலந்து நிரப்பினோம். அதோடு, அருகில் அழியாமல் எஞ்சியிருந்த காட்டில் அதே வகை மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துவந்து வேரருகே போட்டோம். வேரோடு கூடி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து தரும் பூஞ்சைகள் அந்த மண்ணில் இருக்கும். வழித்தெடுக்கப்பட்ட நிலத்தில் அவை அரிது. முதல் மழைக்கு நடவில்லை. ஓரடி ஆழத்துக்கு ஈரம் இறங்கியதைக் குச்சியால் குத்திப் பார்த்து உறுதிசெய்த பிறகே நட்டோம். நட்ட கையோடு காய்ந்த புல்லாலும் சருகாலும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டோம். தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம் விட்டுவிட வேண்டும். மூடாக்கு தண்டைத் தொட்டால் பட்டை அழுகும், எலியும் கடிக்கும்.

அந்த ஆண்டு கன்றுகள் வேர்பிடித்தன. பிறகு ஆடுகள் வந்தன.

நோட்டில் ஒரே வாரத்தில் 90 கன்றுகளுக்கு எதிரே ‘மேய்ச்சல்’ என்று எழுத வேண்டியிருந்தது. மனம் கொதித்துப்போய், ஆடு மேய்க்கும் பெரியவரைத் தேடிப் போனேன். “ஐயா, கன்று இருப்பது தெரிந்தும் இப்படி ஓட்டிவிடலாமா?” என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. “நாப்பது வருசமா நாங்க மேய்க்கிற எடம்மா இது. கன்னு வைக்கிறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லை. அந்தச் சரிவு எல்லோராலும் கைவிடப்பட்டது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அதை நம்பிப் பிழைத்த ஒரு குடும்பம் கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. என் தலை குனிந்ததைப் பார்த்தோ என்னவோ, “வாங்க, ஒண்ணு காட்டுறேன்” என்று சரிவின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். கணுக்கால் உயரத்தில், ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன ஒரு புதரைக் காலால் சுட்டி, “இதைச் செடின்னு நெனச்சுக்கிட்டுத்தானே தாண்டிப் போறீங்க? இது மரம்மா. அடியில தோண்டிப் பாருங்க” என்றார். தோண்டினேன். மண்ணுக்குள் என் தொடை கனத்துக்கு ஒரு பழைய அடிக்கட்டை, அதிலிருந்து கீழே பாறை வெடிப்புக்குள் இறங்கிய உயிருள்ள வேர். வெட்டப்பட்ட பின்னும் ஆண்டுதோறும் துளிர்ப்பதும் கடிபடுவதுமாக அது உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட புதர்களை, குழி தோண்ட இடைஞ்சல் என்று நாங்களே எத்தனை இடங்களில் கடப்பாரையால் பெயர்த்து எறிந்தோம் என்று எண்ணியபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்திரேலியரான டோனி ரினாடோவுக்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் கிடைத்த பாடமும் இதுவே. சில ஆண்டுகள் கன்று நட்டு, பெரும்பாலானவை மடிந்து மனம் சோர்ந்திருந்த அவர், 1983-இல் மணற்பாதையில் வண்டியை நிறுத்தியபோது, அருகிலிருந்த புதரின் இலையை உற்றுப் பார்த்து, அது வெட்டப்பட்ட மரத்தின் மறுதுளிர் என்று கண்டுகொண்டார். அந்த நாட்டு விவசாயிகள் துளிர்களைக் கவாத்து செய்து காக்கத் தொடங்கியதில் பிறகு 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு மரங்கள் மீண்டெழுந்தன. அவருக்கும் சவடோகோவுக்கும் 2018-இல், ‘மாற்று நோபல்’ என்று அறியப்படும் ‘சரியான வாழ்வாதார விருது’ அளிக்கப்பட்டது. முறை எளிது: ஓர் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் பல துளிர்களில் நேராகவும் வலுவாகவும் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அடியோடு அறுத்துவிட வேண்டும், விட்ட துளிர்களிலும் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளை நீக்கி, சுற்றிலும் முள்ளை அடைத்துவிட வேண்டும். நிலத்தடியில் முழு மரத்தின் வேர் தயாராக இருப்பதால், அந்தத் துளிர் ஓராண்டில் வளரும் உயரத்தை எங்கள் கன்று மூன்றாண்டிலும் எட்டவில்லை. தண்ணீரும் ஊற்ற வேண்டியதில்லை. ஆகவே சிதைந்த நிலம் எதிலும் முதல் கடப்பாரையை ஊன்றுவதற்கு முன்னால், ஒரு மழைக்காலம் முழுவதும் அதை நடந்து பார்த்து, எங்கெல்லாம் துளிர் கிளம்புகிறது என்று குறித்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவரோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சரிவை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு மேய்ச்சலிலிருந்து விலக்கினோம். அந்தப் பகுதியில் வளரும் புல்லை அறுத்து எடுத்துப்போகும் உரிமை அவர் குடும்பத்துக்கு. ஆடு நுழையாததால் புல் இடுப்பளவு வளர்ந்தது. அறுத்துப் போவதால் கோடையில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைந்தது. அதற்கு முன்பு நாங்கள் போட்ட கம்பிவேலி இரண்டு முறை காணாமல் போயிருந்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வேலியே தேவைப்படவில்லை. தீயைப் பற்றி ஒன்று மட்டும்: கோடை தொடங்கும் முன் எல்லையைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் முழுவதும் அகற்றிவிடுங்கள். ஓராண்டு அதைத் தள்ளிப்போட்டு, ஒரே மாலையில் கால் பங்கு நிலத்தை இழந்தோம்.

எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கு எல்லா நிலத்துக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. அருகில் சிதையாமல் இருக்கும் காட்டைப் போய்ப் பார்ப்பதே விடை. ஆனால் முதிர்ந்த காட்டில் நிற்கும் பெருமரங்களை மொட்டை நிலத்தில் முதலில் நடுவது வீண். அவற்றின் கன்றுகளுக்கு நிழலும் சருகு மண்ணும் வேண்டும். வெயிலைத் தாங்கி விரைவாக வளரும் முன்னோடி மரங்களும், வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் அவரைக் குடும்பத்து மரங்களும் முதலில் வரட்டும். நான்கைந்து ஆண்டுகளில் அவற்றின் நிழலில் பெருமரக் கன்றுகளை நுழைக்கலாம். ஒரே வகையை வரிசையாக நடும் ஆசைக்கு நாங்களும் ஒருமுறை இடங்கொடுத்தோம். ஒரே பூச்சி வந்து அந்த வரிசை முழுவதையும் ஒரு மாதத்தில் மொட்டையடித்தது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: மரமில்லாத நிலமெல்லாம் சிதைந்த நிலம் அன்று. இயற்கையான புல்வெளிகளுக்கும் முட்புதர்க் காடுகளுக்கும் அவற்றுக்கே உரிய பறவைகளும் விலங்குகளும் உண்டு. அங்கே மரம் நட்டால் அதுவே சேதம். எங்கள் சரிவின் உச்சியில் கல் உடைப்பவர்கள் தொடாத ஒரு புல்மேடு இருக்கிறது. அதில் நாங்கள் கை வைப்பதில்லை.

தண்ணீர் ஊற்றுவதில் தன்னார்வலர்களின் அன்பே சில நேரங்களில் கெடுதலாகிவிடுகிறது. நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேல்மட்டத்திலேயே தங்கிவிடும். முதல் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீர் ஆழம்வரை இறங்கும்படி நிறைய ஊற்றி, இரண்டாம் கோடையில் மாதம் ஒருமுறையாகக் குறைத்து, மூன்றாம் கோடையில் நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகும் தண்ணீர் கேட்கும் கன்று, அந்த இடத்துக்கு உரியது அன்று.

கணக்கெழுதுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நட்ட எண்ணிக்கையை எல்லோரும் சொல்கிறார்கள்; அது ஒரு நாளின் உழைப்பை மட்டுமே காட்டும். எண்ண வேண்டியது கோடையின் கடைசி வாரத்தில், அதுவும் முதலாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும். மழைக்காலத்தில் எண்ணினால் களைகூடக் கன்றாகத் தெரியும். கென்யாவில் 1977-இல் ஏழு மரங்களோடு பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய், கன்று வளர்த்த பெண்களுக்கு, நட்ட கன்றுக்கு அன்றி, பிழைத்த கன்றுக்கே சிறு தொகை கொடுக்கும் ஏற்பாட்டை வைத்திருந்தார். அவருக்கு 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும்; இந்தச் சிறிய விதியின் அருமை என்னைப் போலக் கணக்கெழுதுகிறவர்களுக்கே புரியும். நாங்கள் ஒவ்வொரு கன்றின் அருகிலும் எண் பொறித்த அலுமினியத் தகட்டைக் கம்பியில் கட்டி ஊன்றுகிறோம். தண்டில் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி அறுக்கும். இறந்த கன்றின் காரணத்தை அன்றே எழுதிவிட வேண்டும். வேரா, நீரா, ஆடா, தீயா, பூச்சியா என்பது ஒரு மாதம் கழித்துத் தெரியாது. வரும் கூட்டத்தையும் குறைத்துக்கொண்டோம்: ஆளுக்கு 20 கன்றுகள், மூன்று ஆண்டுகளுக்கு அவர் பொறுப்பு, நோட்டில் அவர் பெயர். நடவுக்கு 200 பேர் வந்த இடத்தில் இப்போது 30 பேர் வருகிறோம். மூன்றாம் ஆண்டுக் கணக்கில் பத்தில் ஏழு கன்றுகள் நிற்கின்றன.

சென்ற கோடைக் கணக்கெடுப்பின்போது, முதல் பகுதியின் அகழிகளில் படிந்த வண்டல் மண்ணில், தகடு இல்லாத கன்றுகளைக் கண்டேன். நாங்கள் ஒருபோதும் நடாத மூன்று வகைகள். பறவைகளின் எச்சத்திலோ நரியின் எச்சத்திலோ வந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், 64 இருந்தன. நோட்டில் அவற்றுக்கு இடமில்லாததால் பின்பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன். அந்தப் பகுதியில் இனிப் புதிய கன்று நடுவதில்லை என்று குழுவாக முடிவு செய்துவிட்டோம். இந்த ஆண்டு வேலை மூன்றாம் பகுதியில்: துளிர்விடும் அடிக்கட்டைகளைக் குறித்துச் சுண்ணாம்பு அடையாளம் இட்டாயிற்று, முளைக்குச்சிகள் அடித்தாயிற்று, பெரியவரின் பேரன் மட்டக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். மழைக்கு முன் 40 அகழிகள் வெட்டியாக வேண்டும். வர விரும்புகிறவர்கள் நடவு நாளுக்குக் காத்திராமல் இப்போதே மண்வெட்டியோடு வாருங்கள்.